நாலாவது சக்கரம்

“தூக்காதீங்க, இடுப்பு பிடிச்சுக்கும். உருட்டுங்க,” என்றாள் அவள்.

பக்கத்து வீட்டுக்காரர் நிமிர்ந்து பார்த்தார். புருஷனைப் பறிகொடுத்தவள் இவ்வளவு தெளிவாகப் பேசுவாள் என்று அவர் எதிர்பார்த்திருக்க மாட்டார். உடல் ஆஸ்பத்திரியிலிருந்து வந்துகொண்டிருந்தது. ஹாலில் கிடத்த இடம் வேண்டும். மூலையில் நாலு கார் சக்கரங்கள், ஒன்றன்மேல் ஒன்றாக டயரோடு, மேலே ஒரு பழைய விரிப்பு, விரிப்பின்மேல் டேபிள் ஃபேன். கொஞ்ச நாளாக அந்த வீட்டுக்கு அதுதான் ஃபேன் ஸ்டாண்டு.

காரோடு வந்த கம்பெனிச் சக்கரங்கள் அவை. அவற்றைக் கழற்றிவிட்டு அகலமான பளபளா சக்கரங்களை மாட்டிவிட்டவன் அவளுடைய அண்ணன். அவனுக்கு அதுதான் தொழில், டயர் கடையும் பட்டறையும். கல்யாண நாளுக்குத் தங்கை வீட்டுக்காரருக்குக் கொடுத்த பரிசு. அவருக்கும் ஆசை இல்லாமல் இல்லை. முகம் கழுவ மறந்தாலும் சக்கரத்தைக் கழுவ மறக்க மாட்டார்.

ஆனாலும் மாட்டிய அன்றைக்கே கேட்டார். “மச்சான், டயர் பாடிக்கு வெளிய நீட்டக்கூடாதுன்னு சட்டம் இருக்கே. எடை தாங்கற நம்பரும் பழைய டயரைவிடக் குறைச்சலாத் தெரியுது.”

“ரெண்டு விரல்தான் நீட்டுது. டேப்பை வச்சுக்கிட்டு எவன் பின்னாலயே வரப்போறான்?”

பின்சீட்டில் ஆள் ஏறினால், திருப்பத்தில் டயர் மட்கார்டில் உரசிக் கர்ரென்று சத்தம் வந்தது. அதற்கும் அண்ணனிடம் பதில் இருந்தது. “புதுச் செருப்பு கடிக்கிற மாதிரிதான் மாப்ளே. போகப் போகப் பழகிடும்.” எல்லோரும் சிரித்தார்கள். அவளும்தான் சிரித்தாள்.

நேற்று சாயங்காலம் சமையலறைக்கு வாங்கிய டைல்ஸ் பெட்டிகளை டிக்கி நிறைய ஏற்றிக்கொண்டு மழையில் வந்தார். பாலத்து வளைவில் பின்டயர் வெடித்தது. பின்னால் வந்த லாரிக்காரர்தான் போன் செய்து சொன்னார். போலீஸ்காரரிடம் பேசி, நசுங்கிய காரைத் தன் பட்டறைக்கே இழுத்துக்கொண்டு போனான் அண்ணன். ஒத்தாசைக்குச் செய்கிறான் என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

இப்போது வாசலில் வந்து நின்றவனின் கண், தங்கைக்கு முன்னால் சக்கரங்களுக்குப் போனது. அவளைச் சமையலறைக்கு அழைத்துப் போனான். தரை பெயர்த்துப் போட்டபடி கிடந்தது.

“பாப்பா, அந்தச் சக்கரத்தையெல்லாம் நான் எடுத்துட்டுப் போறேன்.”

“எதுக்குண்ணா?”

“நாளைக்குக் காலையில வண்டியைச் சோதிக்க ஆபீசர் வர்றார். நேத்து மழையில யாரும் சரியாப் பாக்கலை. இதை மாட்டி, ஒன்னை மட்டும் கிழிச்சு விட்டா முடிஞ்சுது. இல்லேன்னா கடையைச் சீல் வச்சு என்னை உள்ள தள்ளிடுவாங்க.”

அவள் பெயர்ந்து கிடந்த தரையைப் பார்த்தாள்.

“ஊர்ல பாதி வண்டிக்கு நான்தான் மாட்டியிருக்கேன். ஒன்னுக்காவது ஏதாவது ஆச்சா?”

தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் அதைச் சொன்னான். அவளுக்கு அந்தப் பாதி வண்டிகள்தான் நினைவுக்கு வந்தன. ஜன்னல் வழியே பார்த்தாள். துக்கத்துக்கு வந்தவர்களின் கார்கள் வரிசையாக நின்றன. நாலைந்தில் டயர் வெளியே துருத்திக்கொண்டிருந்தது. அதில் ஒன்றிலிருந்து யாரோ ஒரு கைக்குழந்தையை இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

“அண்ணியையும் பிள்ளைங்களையும் நினைச்சுப் பாரு பாப்பா.”

நினைத்துப் பார்த்தாள். அப்பா போன பிறகு அவளுக்கு அப்பாவாக இருந்தவன். போனவர் போய்விட்டார், இருப்பவனையாவது விட்டுவைப்போம் என்று தோன்றியது. அப்படித் தோன்றியதற்குத் தன்மேலேயே வெறுப்பாகவும் இருந்தது.

“எடுத்துக்கோ,” என்றாள்.

உடல் வந்தது. அதுவரை கண்ணீர் விடாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்த மாமியார், எழுந்து வந்து மகனின் காலைப் பிடித்துக்கொண்டாள்.

“ஏன்டா அப்படிப் பறந்தே? மெதுவாப் போடான்னு ஒருநாள்கூட நான் உனக்குச் சொன்னதில்லையே. சொல்ல வேண்டிய பிள்ளை இல்லைன்னு இருந்துட்டேனேடா.”

அவள் திரும்பினாள். “யார் சொன்னது அத்தே?”

“உங்க அண்ணன்தான் எல்லாருகிட்டயும் சொல்லி அழுதானே. மழையில நூத்துக்கு மேல வந்தானாமே.”

ஆமை. குடும்பத்தில் அவருக்கு அதுதான் பேர். சைக்கிள் முந்திக்கொண்டு போனாலும் ரோஷப்பட மாட்டார். அவரோடு காரில் போனால் கல்யாணத்தைப் பார்க்க முடியாது, சாப்பாட்டுக்கு வேண்டுமானால் போய்ச் சேரலாம் என்பார்கள். அந்தப் பேரை வைத்ததே அண்ணன்தான்.

அவள் எழுந்து வாசலுக்குப் போனாள். அண்ணனின் சின்ன லாரி தெருவில் உறுமிக்கொண்டு நின்றது. மூன்று சக்கரங்கள் ஏற்றியாகிவிட்டது. நாலாவது சுவரில் சாய்ந்திருந்தது. அதை இரண்டு கையாலும் நிமிர்த்தி, உள்ளே உருட்டிக்கொண்டு வந்தாள். கூட்டம் ஒன்றும் புரியாமல் விலகி வழிவிட்டது. கணவரின் தலைமாட்டில் அதைப் படுக்கப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்தாள்.

அண்ணன் வேகமாக உள்ளே வந்து அவள் காதருகே குனிந்தான். “பாப்பா, எந்திரி. எல்லாரும் பாக்கறாங்க.”

அவள் கணவரின் நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மூணை வச்சுக்கிட்டு நான் என்னம்மா பண்றது?”

அவன் அவள் தோளைப் பிடித்தான். பாவமாகத்தான் இருந்தது. எழுந்திருக்கவில்லை. இழவு வீட்டில் தலைமாட்டில் இருப்பவளை யார் கையைப் பிடித்து எழுப்ப முடியும்? அவன் சுற்றிலும் பார்த்தான். ஒருவரும் அவனுக்கு உதவிக்கு வரவில்லை.

“அது மேல ஏம்மா? தரையில உக்காரேன்,” என்றாள் மாமியார்.

“இல்லத்தே. காலையில அந்த ஆபீசர் வந்து வண்டியைப் பாக்கற வரைக்கும் இங்கயே இருக்கேன்.”

மாமியார் அவளைப் பார்த்தாள். பிறகு அண்ணனைப் பார்த்தாள். பார்வையை எடுக்கவே இல்லை.

தெருவில் நின்ற சின்ன லாரியின் டிரைவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். அண்ணனிடம் தணிந்த குரலில் கேட்டார். “வண்டியை ஆஃப் பண்ணிடட்டுமாண்ணே?”