வட்டைப் பக்கத்துத் தண்ணீர்

வள்ளத்து எஞ்சினைக் கழற்றி, கம்பில் கட்டி, முன்னால் றஊபும் பின்னால் பளீலுமாகத் தோளில் சுமந்து வந்து கட்டிலில் கிடத்தினார்கள். அது மைமூனாவின் கட்டில். அவள் கதிரையில் உட்கார்ந்தபடி இந்தக் கூத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லாரிக்கி," என்றாள் கணவன் பளீலிடம். "எஞ்சினுக்குப் பாய், தலகணி எல்லாம் குடுத்தாச்சி. பொண்டாட்டி எங்க படுக்கிற?"

"நிலத்துல வெச்சா உப்புத்தண்ணி குடிச்சிரும் ராத்தா," என்றான் றஊப். பக்கத்து வளவுக்காரன், பளீலின் வள்ளத்தில் மீன்பிடித் தொழிலுக்குப் போகிறவன். "ஓடித் தப்ப அதுக்குக் காலா இரிக்கி?"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தான். சீனி வருத்தத்தில் புண்ணாகி, மைமூனாவின் வலது காலை முழங்காலுக்குக் கீழே போன வருஷம் எடுத்திருந்தார்கள்.

அவள் சிரித்தாள். "எனக்கு ஒண்டாவது மிச்சம் இரிக்கிடா. அதுக்கு அதுவும் இல்ல, பாவம். படுக்கட்டும்."

பளீல் இந்தக் கதையில் சேரவில்லை. ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ ஒன்று கடற்கரை வீதியால் கத்திக்கொண்டு போனது. வங்கக் கடலில் சூறாவளி, நாளைப் பகல் கரையை நெருங்கும், கடல் உயரும், கரையோரத்தார் விலகிப் போங்கள், குளங்கள் நிரம்பி வழிவதால் வயல் பக்கத்துத் தாழ்நிலத்தாரும் கவனம். பின்பாதி பளீலின் காதில் விழாமலில்லை. விழுந்தது, தங்கவில்லை. 'கடல் உயரும்' என்றதோடு அவர் ஏணியைச் சாத்திக் கூரைக்கு ஏறிவிட்டார்.

மாரி பிறந்தால் அவருக்கு இது வருஷா வருஷம் உள்ள வேலை. கூரைத் தகரத்துக்கு மேல் பழைய வலையை விரித்து, அதன் ஓரங்களில் மண் நிரப்பிய உரப்பைகளைக் கட்டித் தொங்கவிடுவார். காற்று தகரத்துக்குக் கீழே புகுந்து தூக்கினாலும் வலை விடாது. எழுபத்தெட்டுச் சூறாவளியில் கூரையைப் பறிகொடுத்த பிறகு அவருடைய வாப்பா கண்டுபிடித்த வேலை அது. வளவில் சாய்ந்து நின்ற தென்னையிலிருந்து காயையும் கனத்த மட்டையையும் வெட்டி இறக்கினார். கிணற்றைப் பலகை போட்டு மூடினார். வள்ளத்தை ஏற்கனவே மணல் மேட்டுக்கு இழுத்துக் கட்டியாயிற்று. மைமூனாவின் மருந்து, அடையாள அட்டை, மாற்றுடுப்பு எல்லாம் பொலித்தீனில் சுற்றிய பையில் ஆணியில் தொங்கின. காற்றுக்கு வலை இருந்தது, மழைக்குப் பொலித்தீன் இருந்தது. கடலுக்கு மட்டும் ஓட்டத்தைத் தவிர வேறு மருந்து அவருக்குத் தெரியாது.

சுனாமி அன்றைக்கு மைமூனாவுக்கு இரண்டு காலும் இருந்தன. ஓடினாள். கையில் பிடித்திருந்த மகன் அஸ்கி, நாலு வயசு, பள்ளிவாசல் மதிலடியில் நழுவிப் போனான். பளீல் அந்த நேரம் கல்முனைச் சந்தையில் மீன் விற்றுக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து அவர் கடலுக்கு முதுகு காட்டி இருந்ததில்லை. தேத்தண்ணி குடித்தாலும் கடலைப் பார்த்துத்தான். கடலில் உழைக்கிற மனிசனுக்குக் கடலில் என்ன பயம் என்று கரையில் பகிடி பண்ணுவார்கள். பகிடி பண்ணுகிறவர்களும் அறிவிப்பு வந்தால் அவருக்கு முந்தி ஓடுகிறவர்கள்தான்.

பின்னேரம் அஸர் தொழுகை முடிந்த கையோடு மைமூனாவின் தம்பி ஜவுபர் ஆட்டோவில் வந்து இறங்கினான். வயல் செய்கிறவன். நற்பிட்டிமுனைப் பக்கம் வட்டை என்கிற வயல்வெளியின் ஓரத்தில் பள்ளக் காணியை மண்போட்டு நிரப்பி வீடு கட்டியிருந்தான். சாரத்தை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டியிருந்தான். காலெல்லாம் சேறு.

"மச்சான், தோணாவ வெட்டோணும்," என்றான், உட்காராமலே. "வட்டை நிரம்பிட்டு. என்ட வேளாண்மை போனது போகட்டும், தண்ணி ஊட்டுப் படிக்கு வந்திரிக்கி."

தோணா என்பது வயலில் சேர்கிற தண்ணீரை ஊருக்குள்ளால் கடலுக்குக் கொண்டுபோகிற ஓடை. கடல் அதன் வாயை எப்போதும் மணலால் அடைத்து வைத்திருக்கும். மாரியில் அந்த மணலை வெட்டிவிட்டால்தான் வட்டை வடியும். ஆனால் வாயின் இரண்டு பக்கமும் நிற்பவை மீன்பிடிக்காரர்களின் வள்ளங்கள். அதனால் கரையில் தொழில் செய்கிறவர்கள் ஓம் என்று சொன்னால்தான் அங்கே மண்வெட்டி இறங்கும். எழுதாத சட்டம். அந்தக் கரையில் மூத்தவர் பளீல். அவர் தலையாட்டினால் மற்றவர்களும் ஆட்டுவார்கள்.

"காத்துப் போகட்டும்," என்றார் பளீல்.

"காத்து நாளைக்குத்தான் வாற. மேல குளத்துல கதவு திறந்தா அதுக்குள்ள நாங்க முடிஞ்சம்."

"வாய இப்ப வெட்டினா கடல் அதுக்குள்ளால ஊருக்குள்ள வரும்டா. அண்டைக்கு எதுக்குள்ளால வந்த? இந்தத் தோணாக்குள்ளாலதானே வந்த?"

"அது சுனாமி மச்சான். இது மழைத் தண்ணி."

"கடலுக்குப் பேர் வெச்சிக் கதைக்காத. நாளண்டைக்கு நானே வந்து வெட்டித் தாறன். வல்லாஹி," என்று சத்தியம் பண்ணினார்.

ஜவுபர் தன் ராத்தாவைப் பார்த்தான். மைமூனா புருஷனைப் பார்த்தாள். "அவன் செல்றதக் கேட்டாத்தான் என்ன? வயலுக்குள்ள கிடக்கிறவனுக்கு வயலத் தெரியாதா?"

"நீ கதைக்காம இரி. ஒன்னத்தான் முதல்ல ஏத்தோணும்." பளீல் ஆணியிலிருந்து பையை எடுத்தார். "ஜவுபர், ராத்தாவக் கூட்டிட்டுப் போ."

"என்ட ஊட்டயா?" ஜவுபருக்கு வாய் மூடவில்லை. "தண்ணி படிக்கு வந்திரிக்கி எண்டுதானே இவ்வளவு நேரமும் கத்துறன்?"

"படிக்குத்தானே? கடல் வந்தா கூரையும் தெரியாது."

"நான் போகல்ல கா," என்றாள் மைமூனா. அவள் யாரிடம் சொன்னாளோ, எஞ்சினிடம் சொன்னது போல இருந்தது. "ஒத்தக் காலோட தண்ணிக்குள்ள போய் நான் என்ன, கொக்கா? உசிர் போனா இஞ்சயே மௌத்தாகிறன். என்ட புள்ள போன இடம்."

அந்தக் கடைசி வார்த்தைதான் பிசகிவிட்டது. அதுவரைக்கும் பளீலுக்குள் கொஞ்சம் யோசனை இருந்திருக்கலாம். பிள்ளையின் பேச்சு எடுத்ததும் மனுஷன் குனிந்து அவளைக் கதிரையோடு தூக்கினார். அறுபது வயசிலும் வலை இழுத்த கை. முற்றத்தைக் கடந்து ஆட்டோவில் இறக்கி, கைத்தடியை அவளுடைய மடியில் வைத்தார். அவருக்கு மூச்சு வாங்கியது.

மைமூனா அவரைப் பார்க்காமல் சொன்னாள்: "அரிசி வாளிய மேல வைங்க. கோழியத் திறந்து உடுங்க. ஈரச் சாரத்தோட படுக்காதீங்க, நெஞ்சுச் சளி புடிக்கும்."

ஆட்டோ போனது. பளீல் கோழிக்கூட்டைத் திறந்துவிட்டார்.

அடுத்த நாள் மத்தியானம் ளுஹர் தொழுகைக்குப் பிறகு காற்று வந்தது. முதலில் தென்னைகள் ஒரே பக்கம் தலையைச் சாய்த்துக்கொண்டன. பிறகு மழை கல்லெறிவது போலத் தகரத்தில் விழுந்தது. பளீல் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று பாங்கு சொன்னார். காற்று மிஞ்சினால் தொழுகை நேரம் இல்லாவிட்டாலும் வீட்டுக்கு வீடு பாங்கு சொல்வது அந்த ஊர் வழக்கம். பக்கத்து வளவிலிருந்து றஊபின் குரல், அதற்கப்பால் இன்னொன்று, இன்னொன்று. ஒவ்வொன்றையும் காற்று பாதியில் பிய்த்துக்கொண்டு போனது. அவர் சொல்லி முடிப்பதும் திரும்பத் தொடங்குவதுமாக நின்றார். கண் மட்டும் கடலில் இருந்தது. கடல் கறுத்து, எழும்பி, மணல் மேட்டில் ஏறி, வள்ளத்தின் அடியை நக்கிவிட்டுத் திரும்பியது. மறுபடி ஏறியது. மேட்டைத் தாண்டவில்லை. பொழுது சாய்ந்து மஃரிபுக்குக் காற்று தளர்ந்தது. கூரை அப்படியே இருந்தது. கட்டிலில் எஞ்சின் காய்ந்தபடி கிடந்தது.

"அல்ஹம்துலில்லாஹ்," என்றார் பளீல். ஜவுபருக்குப் போன் எடுத்தார். போகவில்லை. கம்பம் விழுந்திருக்கும் என்று நினைத்தார். ஈரச் சாரத்தை மாற்றிக்கொண்டு படுத்தார். அவள் சொன்ன சொல்லைக் கேட்டுவிட்ட திருப்தியோடு நன்றாகவே தூங்கினார். பிற்பாடு இருந்த காலம் முழுக்க அந்தத் தூக்கத்தைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை.

விடியலில் சுபஹ் தொழுதுவிட்டு வரும்போது றஊப் தெருவால் ஓடிவந்தான்.

"காக்கா, கடல் அங்கால இரிக்கி," என்றான் அண்ணன் முறையான பளீலிடம். கையை மேற்கே காட்டினான். "வட்டையில. மேல குளம் திறந்து வாய்க்கால் கட்டு உடைஞ்சிட்டாம்."

கடலுக்குப் பயந்து மேட்டில் ஏற்றிய வள்ளத்தை டிரக்டர்ப் பெட்டியில் ஏற்றி வயலுக்குக் கொண்டு போனார்கள். வீதி முடிந்த இடத்தில் தண்ணீர் தொடங்கியது. நெல் இருந்த இடம் தெரியவில்லை. தண்ணீருக்கு மேலே மின்கம்பங்களும் வாழைத் தலைகளும் மட்டும் தெரிந்தன. கம்பு ஊன்றி வள்ளத்தைத் தள்ளினார்கள்.

பள்ளிக்கூடத்து மேல்மாடிப் படியில் ஜவுபர் இருந்தான். மனைவியும் பிள்ளைகளும் மேலே இருந்தார்கள். அவன் மட்டும் தண்ணீர் தொட்டுக்கொண்டிருந்த படியில், கயிற்றுச் சுருள் ஒன்றைத் தோளில் போட்டபடி இருந்தான். பளீலைக் கண்டதும் எழும்பவில்லை.

"ராத்தா எங்கடா?"

"ரெண்டு மேசைய அடுக்கி அதுக்கு மேல வெச்சன்," என்றான் ஜவுபர். "தண்ணி மேசைக்கு வரத்தொடங்கின உடனே தூக்க வந்தன். என்னத் தொடாத, புள்ளயள முதல்ல கொண்டு போ எண்டு ராத்தா தடியால அடிச்ச, மச்சான். மெய்யா அடிச்ச. நான் புள்ளையள முதுகுல கட்டி இஞ்ச கொண்டு வந்து உட்டுட்டு பொண்டாட்டியையும் இழுத்து வந்து ஏத்திட்டு மறுகா போறன், கட்டு உடைஞ்சி வந்த தண்ணி என்ன நிக்க உடல்ல. மூணு தரம் போனன். ராத்தாட சத்தம் கேட்டுச்சி. என்னக் கூப்பிடல்ல. கடைசி நேரத்துக் கலிமாச் சொல்றது கேட்டுச்சி."

பிறகு அவன் தலையை நிமிர்த்திப் பளீலின் முகத்தைப் பார்த்தான். தோணாவைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தான். சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பளீலுக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

அவளைத் தேடிக் கண்டுபிடித்தது றஊப்தான். வயல் எல்லையில் முள்ளுக்கம்பி வேலி அவளைத் தடுத்து வைத்திருந்தது. பளீல் வள்ளத்திலிருந்து நெஞ்சளவு தண்ணீரில் குதித்து, முந்தாநாள் தூக்கியது போலவே இரண்டு கையிலும் தூக்கினார். முந்தாநாளைவிடக் கனமாக இருந்தாள். முக்காடு கம்பியில் மாட்டிக்கொண்டு வரவில்லை. தன் சட்டையைக் கழற்றி அவளுடைய தலையை மூடினார்.

அதே காலையில் கரை ஆட்களே யாரையும் கேட்காமல் தோணா வாயை வெட்டிவிட்டார்கள். ஒரு முழ அகலத்துக்குத்தான் வெட்டினார்கள். மிச்சத்தைத் தண்ணீரே பிய்த்துக்கொண்டு போனது. அவளுடைய ஜனாஸாவைக் குளிப்பாட்டி முடிக்கையில் ஜவுபரின் வீட்டுப் படி வெளியே தெரிந்துவிட்டது என்று யாரோ வந்து சொன்னார்கள். அந்தச் செய்தியை ஏன் கொண்டுவந்தார்கள் என்று தெரியவில்லை. கடல் உள்ளே வரவில்லை.

உள்ளூர் மையவாடியில் குழி தோண்டத் தோண்டத் தண்ணீர் ஊறியது. மண்வெட்டிக்காரர்கள் கையை விரித்துவிட்டார்கள். ஈரமில்லாத மண் என்று அன்றைக்கு ஊரில் இருந்தது கடற்கரை மேடு ஒன்றுதான். சுனாமியில் போனவர்களைப் பொதுவாக அடக்கிய பழைய இடமும் அங்கேதான். அவளை அங்கே கொண்டு போனார்கள். அலை கேட்கிற தூரம்.

"தண்ணியில மௌத்தானா ஷஹீதுட கூலி காக்கா, சொர்க்கம்தான்," என்று பள்ளிவாசல் மோதினார் முபீன் தோளைத் தொட்டார். "நீங்க நல்லதுக்குத்தானே அனுப்பின."

"ஓம்," என்றார் பளீல். "நல்லதுக்குத்தான்." மூன்று பிடி மண் போட்டார்.

அவளுக்காகக் கத்தம் ஓதிச் சோறு கொடுத்து, வந்தவர்கள் போன பிறகு வீட்டில் அவரும் எஞ்சினும்தான். கட்டிலிலிருந்து அதை அவர் இறக்கவில்லை. தான் நிலத்தில் பாய் போட்டுப் படுத்தார். கடல் தெளிந்து மற்றவர்கள் தொழிலுக்குப் போகத் தொடங்கியதும் றஊப் வாசலில் வந்து நின்றான்.

"காக்கா, எஞ்சின எடுப்பமா?"

"எடுத்துட்டுப் போ."

"நீங்க?"

தெருவில் அதே ஒலிபெருக்கி ஆட்டோ வந்துகொண்டிருந்தது. வங்கக் கடலில் இன்னொரு தாழமுக்கம், வலுப்பெறலாம், கடல் உயரும், கரையோரத்தார் விலகிப் போங்கள், வயல் பக்கத்துத் தாழ்நிலத்தாரும் கவனம். இந்த முறை அவர் கடைசிச் சொல் வரைக்கும் கேட்டார். அயலில் பெண்கள் பை கட்டத் தொடங்கினார்கள். றஊப் வானத்தைப் பார்த்தான்.

பளீல் கொட்டிலுக்குள் போய் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கரைக்கு நடந்தார். தோணா வாயில் கடல் மறுபடி மணலைக் கொண்டுவந்து குவித்திருந்தது. அந்தக் கரையில் நல்லதையும் கெட்டதையும் ஒரே கையால் செய்கிறது கடல். அவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு மணலுக்குள் இறங்கினார்.

"காக்கா, கூரைக்கு வலை போடல்லயா?" என்று றஊப் பின்னாலேயே வந்து கத்தினான். "கடல் வாறெண்டு செல்றானுகள்!"

"வரட்டும்," என்றார் பளீல்.

வட்டைப் பக்கம் பார்த்துக்கொண்டு, அலையெல்லாம் முதுகுக்குப் பின்னால் உடைய, வெட்டத் தொடங்கினார்.