ஒட்டிக் கொடுத்த கவர்

இப்போதெல்லாம் உதவி செய்கிறவர்கள்கூடக் கவரை ஒட்டித்தான் கொடுக்கிறார்கள். உள்ளே நல்லது எழுதியிருந்தால் எதற்கு ஒட்ட வேண்டும்? முன்பெல்லாம் ஒருவனுக்காகப் பேசுவதென்றால் அவனைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டே பேசினார்கள். இப்போது முகத்துக்கு நேரே சிரித்துவிட்டு முதுகுக்குப் பின்னால் எழுதுகிறார்கள்.

டெல்லி ஆர்.கே.புரம் அரசாங்கக் குவார்ட்டர்ஸின் இரண்டாம் மாடியில், சமையலறையில் நின்றுகொண்டு பூவராகவன் இதைத்தான் முணுமுணுத்துக்கொண்டிருந்தார். கையில் ஒரு கவர். மகள் செல்வியின் கல்லூரி ஆசிரியை வத்சலா எழுதிக் கொடுத்தது.

எமர்ஜென்சி முடிந்த மறுவருஷம் அது. செல்வி பி.ஏ.வில் நூற்றுக்கு நாற்பத்து நாலு வாங்கி மூன்றாம் வகுப்பில் தேறியிருந்தாள். அந்த மார்க்கை வைத்துக்கொண்டு எம்.ஏ. பொது நிர்வாகம் படிக்க வேண்டுமாம். ஐம்பதுக்குக் கீழே இருப்பவர்களும் மனுப் போடலாம், ஆனால் ஆசிரியர் ஒருவர் கவரில் ஒட்டிக் கொடுத்த கடிதம் வேண்டும், அதைப் பார்த்துக் கமிட்டி கூப்பிட்டால் கூப்பிடும் என்று அந்தக் கல்லூரியின் விளம்பரத்தில் போட்டிருந்தது. ஆபீசர் வீட்டுப் பிள்ளைகளுக்காகத் திறந்து வைத்த கொல்லைப்புறக் கதவு அது என்பது பூவராகவனின் முடிவு.

"தொடாதீங்கப்பா. திறந்தா செல்லாது" என்று சொல்லிவிட்டு, மார்க் ஷீட் நகலில் கெஜட்டட் ஆபீசரிடம் கையெழுத்து வாங்கப் போயிருந்தாள் செல்வி. மறுநாள் கடைசித் தேதி.

பூவராகவன் ஓர் அமைச்சகத்தில் தஃப்தரி. கோப்புகளைத் தைப்பது, பசை காய்ச்சுவது, கவர்களை ஒட்டுவது எல்லாம் அவர் வேலை. அந்த அனுபவத்தில் அவர் கண்டது ஒன்றுதான்: ஒட்டிய கவர் யாருக்கும் நல்லது செய்ததில்லை. அப்படி ஒரு கவருக்குள் ஆபீஸ் பெரிய பாபு எழுதிய ஒரே வரியில்தான் அவருக்கு வரவேண்டிய ஜமேதார் பதவி உயர்வு போயிற்று. 'எதிர்த்துப் பேசுகிறவன்.' அதை ஒட்டியதும் அவர் கைதான்.

கெட்டிலில் தண்ணீர் கொதித்தது. ஆவியில் கவரைக் காட்டினார். மடிப்பு கிழியாமல் வந்தது. இங்கிலீஷ் அவருக்கு வராது. ஆனால் எண் தெரியும். மூன்றாவது வரியில் பளிச்சென்று நின்றது: 44.

அப்படியே செருப்பை மாட்டிக்கொண்டு வத்சலா வீடு இருக்கும் சரோஜினி நகருக்கு பஸ் ஏறிவிட்டார்.

வத்சலா பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். "வாங்கோ, செல்வி வரலியா?"

"நான்தான் வந்தேன். ஏம்மா, நாங்க உங்களுக்கு என்னா கெடுதல் பண்ணோம்?"

நீட்டிய கவரை வத்சலா திருப்பிப் பார்த்தார். "இதைப் பிரிச்சது யாரு?"

"நான்தான். முப்பது வருசமா ஒட்டுறவனுக்குப் பிரிக்கத் தெரியாதா?"

"பிரிக்க நன்னாத் தெரிஞ்சிருக்கு. என் கையெழுத்தைத்தான் குளிப்பாட்டிட்டேள்."

பூவராகவன் அப்போதுதான் பார்த்தார். மடிப்பின் மேல் குறுக்கே மைப்பேனாவால் போட்டிருந்த கையெழுத்து ஆவி பட்டு நீலத் திட்டாகப் பரவியிருந்தது.

"அப்ப இது செல்லாதா?"

"செல்லாது."

நாற்காலி விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். "நாளைக்குக் கடைசி நாளும்மா" என்றார். வந்தபோது இருந்த குரல் இல்லை அது.

"தெரியும். எதுக்குப் பிரிச்சேள்?"

ஜமேதார் கதையைச் சொன்னார். சொல்லச் சொல்லக் கோபம் மறுபடி ஏறியது. "நீங்களும் நாப்பத்தி நாலுன்னு எழுதி வச்சிருக்கீங்க. அதை ஏம்மா சொல்லணும்?"

"மார்க் ஷீட்டை அவாளே பாக்கப் போறா. நான் மறைச்சா, அதுக்கப்புறம் எழுதினதை யார் நம்புவா?"

"அதுக்கப்புறம் என்னா எழுதினீங்க?"

வத்சலா கடிதத்தைப் பிரித்துத் தமிழில் சொன்னார்: "பரீட்சை வருஷத்துல இந்தப் பொண்ணு புஸ்தகத்தோட உக்காரலை. இவ இருக்கற பிளாக்குல மேல் மாடிக்குத் தண்ணி ஏறலை. கீழே யார் மோட்டார் வச்சு இழுக்கறா, குழாய் எங்கே அடைச்சிருக்குன்னு வீடு வீடாப் போய்க் கேட்டா. பொம்மனாட்டிகளை அழைச்சுண்டு குவார்ட்டர்ஸ் ரிப்பேரைக் கவனிக்கற என்கொயரி ஆபீசுல போய் நின்னா. தண்ணி ஏறித்து, மார்க் இறங்கித்து. நிர்வாகம் படிக்க இவளை விடப் பொருத்தமான ஆள் எனக்குத் தெரியாது."

அந்த வருஷம் முழுக்க 'ஊர் சுத்துற கழுதை' என்று மகளைத் திட்டியவர் பூவராகவன். தண்ணீர் ஏறிய பிறகு அதில் முதல் ஆளாகக் குளித்தவரும் அவர்தான்.

வத்சலா புதுக் காகிதம் எடுத்து மறுபடி எழுதினார். "அந்த நம்பரை மட்டும்..." என்று இழுத்தார் பூவராகவன். "முடியாது" என்றார் வத்சலா.

"இங்க குடுங்கம்மா, ஓரம் சரியா உக்காரலை." கவரை வாங்கித் தானே ஒட்டி நகத்தால் நீவிக் கொடுத்தார். வத்சலா இந்தத் தடவை பால்பாயிண்ட் பேனாவில் குறுக்கே கையெழுத்துப் போட்டார். "இது ஆவிக்குக் கரையாது" என்று சிரித்தார்.

வீட்டில் செல்வி கவரைப் பார்த்ததும் நிமிர்ந்தாள். "இது உங்க கை வேலையாச்சே. அப்பா, சச் சச் சொல்லுங்க, உண்மையை." சொன்னார். அவள் இந்தியில் திட்டித் தீர்த்தாள். அவளுக்குக் கோபம் தமிழில் வராது.

கமிட்டி கூப்பிட்டது. மூன்று பேர் உட்கார்ந்துகொண்டு தண்ணீரைப் பற்றியே கேட்டார்களாம். ஜூலையில் இடம் கிடைத்துவிட்டது.

பூவராகவன் ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் புதிதாக அரைத்த காப்பிப் பொடி வாங்கிக்கொண்டு வத்சலா வீட்டுக்குப் போனார். பஸ்ஸில் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்ததெல்லாம் வாசலில் மறந்துபோயிற்று. கையைக் கூப்பினார்.

"எங்க வீட்டுல செல்விக்கு முன்னால யாரும் பத்தாவதே தாண்டினதில்லம்மா. நான் செஞ்ச கிறுக்குத்தனத்துக்கு நீங்க ரெண்டு தடவை எழுதினீங்க. உசிரு இருக்கற வரைக்கும் மறக்க மாட்டேன்."

"எழுதினது நான், தண்ணி ஏத்தினது அவதானே. உக்காருங்கோ, இந்தப் பொடியிலேயே காப்பி போடறேன்."

பாதி டம்ளர் குடித்ததும் பூவராகவன் குரலைத் தாழ்த்தினார். "இப்பதான் காரியம் முடிஞ்சிருச்சே. உண்மையைச் சொல்லுங்க. யாருக்குப் போன் பண்ணீங்க?"

"எங்காத்துல போனே கிடையாது!"

"உங்க வீட்டு ஐயா ஆபீசுலேருந்து பண்ணியிருப்பாரு."

"அவர் அப்போ மெட்ராஸுக்கு டூர் போயிருந்தார்."

"அச்சா, அச்சா. சொல்ல வேணாம்" என்று டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார்.

நாற்பத்து நாலு என்று தாங்களே எழுதிக் கொடுப்பார்களாம், அதைப் படித்துவிட்டு இடமும் கொடுப்பார்களாம்! இந்த டெல்லியில்! யாரோ பெரிய ஆள் பேசியிருக்கிறான், இந்தம்மாவுக்குத்தான் சொல்ல மனசில்லை. யாராக இருந்தால் என்ன? அந்த ஆளும் அவன் பிள்ளை குட்டிகளும் வத்சலா டீச்சரும் நன்றாக இருக்கட்டும் என்று மலை மந்திர் முருகனிடம் சொல்லிக்கொண்டே, தலையை ஆட்டியபடி பஸ் ஸ்டாப்பை நோக்கி நடந்தார்.