புளூட்டோ ஸ்டாப்பிங்

1

இந்தக் கதை எனக்கு பஸ்ஸில் கிடைத்தது. 2006, மரக்காணத்திலிருந்து பாண்டிக்குப் போகிற பஸ். சாலைக்கு இரண்டு பக்கமும் உப்புப் பாத்தி. மரம் மட்டை எதுவுமில்லாத பொட்டலில் ஆளுயரத்துக்கு ஒரு கருங்கல் தூண், அதன் தலையில் கையகலக் கண்ணாடிப் பெட்டி. பெட்டிக்குள் ஒன்றுமே இல்லை! ஒன்றுமில்லாததற்கு இத்தனை பெரிய தூணா என்று சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வீட்டுக்கு வந்த கையோடு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

2

'பிரபஞ்சத்தின் விளிம்பில் ஒற்றைத் தூணாய் அது...'

வேண்டாம். எனக்கே கொட்டாவி வருகிறது. நேராகவே சொல்லிவிடுகிறேன்.

2005, இயற்பியல் ஆண்டு. ஆரோவில் பட்டறைச் சிற்பி பிரபாகரன் சூரியக் குடும்பத்தையே சாலையோரம் வரிசையாக நிறுத்தினார். பத்து லட்சம் கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் என்பது அவர் கணக்கு. மரக்காணத்தில் நெஞ்சளவு உயரத்துக்குச் சூரியன்.* அங்கிருந்து ஆறு கிலோமீட்டர் தள்ளிப் புளூட்டோ. அளவு தப்பக் கூடாதென்று மனிதர் ஒற்றைக் காலில் நின்றதால், புளூட்டோ கல்லுப்பு அளவில் ஒரு எஃகு மணியாகிவிட்டது. நான் பார்த்தபோதும் பெட்டிக்குள் ஏதோ இருக்கத்தான் செய்தது, கண்ணுக்குத்தான் எட்டவில்லை.

(*தேர்தல் வந்ததும் இந்தச் சூரியனுக்குச் சாக்கு போர்த்திக் கட்டினார்கள். ஏன் என்று தமிழ்நாட்டு வாசகருக்கு விளக்கினால் உதைக்க வருவீர்கள்.)

3

கதைக்கு ஆள் வேண்டுமே. உப்பு வாரும் அம்சவல்லியைக் கூப்பிட்டேன். 'அவள் கண்களில் கடலின் சோகம்...' என்று ஆரம்பித்தால் அந்த அம்மா மசியவே இல்லை. அந்த வரியை அடித்துவிட்டேன்.

தூண் வருவதற்கு முன்னால் அங்கே எந்த பஸ்ஸும் நிற்காது. வேலை முடிந்த பெண்கள், கால் வெடிப்பில் உப்புத் தண்ணீர் எரிய எரிய அடுத்த ஸ்டாப்பிங்கான அனுமந்தை வரை நடப்பார்கள். புளூட்டோவைப் பார்க்கப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வர ஆரம்பித்ததும் ஸ்டாப்பிங் கிடைத்தது. அதனால்தான், ஒரு மழையில் பெட்டி மூடி பறந்து மணி காணாமல் போனபோது, அம்சவல்லி குவியலிலிருந்து ஒரு கல்லுப்பை எடுத்து வைத்து மூடினாள். கரைந்தால் இன்னொன்று. பிள்ளைகள் அதையே வாயைப் பிளந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

"உப்புன்னு யாரும் கண்டுபிடிக்கலையா?" என்று கேட்டேன்.

"எவன் நக்கிப் பாத்தான்?" என்றாள்.

4

ஆகஸ்ட் மாதம் வெளிநாட்டில் விஞ்ஞானிகள் கூடி ஓட்டுப் போட்டு, புளூட்டோ கிரகமே இல்லை என்று சொல்லிவிட்டார்கள். (இது என் கற்பனை இல்லை.) அடுத்த வாரமே ஜீப்பில் ஓர் அதிகாரி வந்து இறங்கினார். (இவர் கற்பனைதான். பெயர் வைக்க மனம் வரவில்லை.)

"கிரகமே இல்லேன்னு ஆயிடுச்சு. அப்புறம் ஸ்டாப்பிங் எதுக்கும்மா?"

"ஏன் சார் இல்லேன்னாங்க?"

"அது மாதிரி அங்க நெறைய கெடக்குதாம்."

"நெறைய இருந்தா கணக்குல வராதா? நாங்ககூடத்தான் நெறைய பேரு இருக்கிறோம்." என்றாள் அம்சவல்லி.

அதிகாரி பெட்டியைத் திறந்து புளூட்டோவை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அம்சவல்லி குனிந்து இன்னொன்றை எடுத்து வைத்தாள். அதையும் எடுத்தார். இன்னொன்று வைத்தாள்.

"எடுங்க சார், எடுங்க! எத்தினி புளூட்டோ வேணும்?"

பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எழுதுகிற நானும்தான். அதிகாரியின் பை ஈரத்தில் சட்டையோடு ஒட்டிக்கொண்டது. ஆனாலும் அவர் எழுதவேண்டியதை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் போனார். திங்கட்கிழமையிலிருந்து அங்கே பஸ் நிற்காது.

5

முடிவு அ: அரசாங்கம் மனம் மாறுகிறது. (சரி, சிரித்து முடியுங்கள்.)

முடிவு ஆ: பெண்கள் சாலை மறியல் செய்கிறார்கள். "கேசு போடுவான். நீங்க வந்து ஜாமீன் எடுப்பீங்களா?" என்கிறாள் அம்சவல்லி. எடுக்க மாட்டேன்.

இன்னொரு வழியை கண்டக்டர் சக்கரபாணி காதோடு சொன்னார்: "ஏத்துறதுக்கு நிறுத்தக் கூடாதுன்னுதான் ஆர்டர் சார். உள்ள இருக்கிறவங்க எறங்கணும்னு கேட்டா, நிறுத்தித்தானே ஆவணும்?"

இன்றைக்குத் திங்கட்கிழமை, சாயங்காலம். தூணடியில் பெண்கள் கை காட்டிக்கொண்டு நிற்கிறார்கள். நான் இறங்குவேன், ஆனால் மேசை முன்னால் உட்கார்ந்திருக்கிறேனே! பஸ்ஸில் இருப்பது நீங்கள். உட்காரவும் இடம் கிடைத்திருக்கிறது. இறங்கினால் ஒதுங்க நிழல் கிடையாது, அடுத்த பஸ் எப்போதென்று எனக்கும் தெரியாது. சக்கரபாணி விசிலை வாயில் வைத்துக்கொண்டு உங்களையே பார்க்கிறார்.