டேங்குக்கு அடியில்

...ஹாரன் இல்லை, முன்விளக்கு இல்லை, சாவியைத் திருப்பினால் எரிய வேண்டிய சின்னப் பச்சை விளக்குகூட இல்லை, ஓடிக்கொண்டிருந்த வண்டி ஒரே நொடியில் செத்திருக்கிறது. என் மெக்கானிக் கடைவாசல் வரைக்கும் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறான், சட்டை முதுகோடு ஒட்டியிருக்கிறது, இஸ்திரி மடிப்பு கலையாத புதுச்சட்டை, வியர்வையையும் மீறி அடிக்கிற சென்ட். எங்கே போகிறான் என்று எனக்குத் தெரியும், தெருவுக்கே தெரியும், அடுத்த கல்யாணம் பேசப் போகிறான். ஆனால் அவனைப் பார்த்ததும் என் வாயிலிருந்து வந்தது, வாங்க மாப்ள. பழக்கம்தான். நாக்கை அறுத்துப் போடலாம் போல இருந்தது. என் தங்கச்சியை ஒற்றைப் பையோடு திருப்பி அனுப்பி வைத்தவன், அவளை மலடி என்று ஊருக்கெல்லாம் சொல்லி வைத்தவன், அவனுக்கு ஒரு வாங்க.

"உன் கைப்பட்ட வண்டி மச்சான், வேற எவன்கிட்ட போறது?" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தான். "சொல்றேன்னு தப்பா நினைக்காத. நீ குடுத்தது ரெண்டுமே பாதி வழியில நின்னுபோச்சு." சொல்லிவிட்டு அவனே சிரித்தான். மாடியில் தங்கச்சி இருக்கிறாள், சன்னல் திறந்துதான் இருக்கிறது, கேட்டிருக்கும். நான் பக்கவாட்டு மூடியின் திருகைக் கழற்றினேன். பழைய இரும்புக் கடையில் சேஸிஸ் எடுத்து, எஞ்சின் வேறொரு இடத்தில் எடுத்து, ஒயர் ஒவ்வொன்றாக நானே இழுத்துக் கட்டிய வண்டி, கல்யாணத்துக்கு நான் கொடுத்தது. எந்த நிற ஒயர் எங்கே போகிறது என்று எனக்கு மட்டும்தான் தெரியும். அந்தத் தைரியத்தில்தான் வந்திருக்கிறான், இல்லையில்லை, நான் மாட்டேன் என்று சொல்ல மாட்டேன் என்கிற தைரியத்தில்.

சோதனை பல்பின் ஒரு முனையை வண்டியின் இரும்பு பாடியில் மாட்டி, மறுமுனையை பேட்டரியில் வைத்தேன், பளிச்சென்று எரிந்தது. பேட்டரி இருக்கிறது. பியூஸ் டப்பாவின் இந்தப் பக்கம் எரிந்தது, அந்தப் பக்கமும் எரிந்தது, அப்படியானால் பியூஸும் இருக்கிறது, மூடியைத் திறக்க வேண்டியதில்லை. சாவித் துவாரத்துக்கு வருகிற சிவப்பு ஒயரில் வைத்தால் ஒன்றுமில்லை. நடுவில் எங்கோ அறுந்திருக்கிறது. "பல்பு போயிருக்குமா?" என்று கேட்டான். பல்பு போனால் வண்டி நிற்காது என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன், இவனுக்கு பெட்ரோல் ஊற்றுகிற மூடி ஒன்றுதான் தெரியும், அதையும் துடைத்துவிட்டுத்தான் தொடுவான்... தங்கச்சி திரும்பி வந்த அன்று இந்த ஸ்டூலில்தான் உட்கார்ந்தாள். அழவில்லை. அம்மா அழுதாள், நான் ஸ்பானரைத் தூக்கி எறிந்தேன், அவள் எழுந்து போய் அதை எடுத்து அதன் இடத்தில் மாட்டினாள். பாவம், அதிர்ச்சியில் இருக்கிறாள் என்று எல்லாரும் சொன்னோம்.

டேங்கைக் கழற்றி ஓரமாக வைத்தேன். உள்ளே பெட்ரோல் தளும்பியது. ஹேண்டில் திரும்புகிற கழுத்தில், ஒயர்க் கட்டு இரும்பில் உரசி உரசி, சிவப்பு ஒயரின் தோல் தேய்ந்து செம்பு வெளியே வந்து, பாடியில் பட்டு, கருகி, கடைசியில் உருகி அறுந்திருந்தது. பக்கத்து ஒயர்களும் வெந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. டேங்குக்கு ஒரு விரல் கீழே. இன்னும் கொஞ்ச நேரம் சூடேறியிருந்தால்... அந்த இடத்தில் மனசு நின்றது. இன்னும் கொஞ்ச நேரம். அறுந்த இரண்டு முனையையும் முறுக்கி, மேலே டேப் சுற்றாமல், அதே இரும்பில் அதே இடத்தில் விட்டால், பியூஸை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வெறும் செம்புக்கம்பி வைத்தால், வண்டி ஓடும், இன்று ஓடும், நாளை ஓடும், ஒருநாள் ஹேண்டிலை ஒடித்துத் திருப்பும்போது கம்பி உருகாது, ஒயர் உருகும், டேங்குக்குக் கீழே. பழைய வண்டிதானே என்பார்கள். பழைய வண்டி எரியத்தான் செய்யும் என்பார்கள். இந்தச் சென்ட் வாசனை, இந்த மடிப்பு கலையாத சட்டை... நினைப்பு இவ்வளவு எளிதாக, வேலையின் அடுத்த படி மாதிரி வந்தது. பியூஸ் இருக்கும் வண்டியில் ஒயர் இப்படி வேகாது, பியூஸ்தான் முதலில் போகும், அது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

பழைய ஒயர்த் துண்டின் தோலை உரித்து செம்பிழையைத் தனியே எடுத்து, விரலுக்கிடையில் வைத்துக்கொண்டு, பியூஸ் டப்பாவின் மூடியைத் திறந்தேன்.

ஏற்கெனவே வைத்திருந்தது. எரிந்துபோன கண்ணாடிப் பியூஸின் இரண்டு தொப்பியையும் சேர்த்து, தடித்த செம்புக்கம்பி, நெருக்கமாக, வரிசை தவறாமல் சுற்றியிருந்தது. அவசரத்துக்குச் சுற்றுகிறவன் இப்படிச் சுற்ற மாட்டான். அவசரமே தேவையில்லை, மூடியின் உட்புறத்தில் மாற்றுப் பியூஸ் புதுசாக, தொடாமல், அப்படியே செருகியிருந்தது. நான் செருகியது. என் கையிலிருந்த இழையை எங்கே போடுவது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டே இருந்தேன்.

"மாப்ள, இதை யார் திறந்தது?"

"யாரு திறப்பா? எனக்கு அதெல்லாம் தெரியுமா?" போனிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான். "உன் தங்கச்சிதான் ஒருதடவை எல்லாத்தையும் கழட்டி வச்சுத் தொடச்சிட்டிருந்தா. கிளம்புறதுக்கு மொத நாள். போற நேரத்துல எதுக்குடி இதுன்னேன். அவ கிறுக்கு அவளுக்கு."

சுற்றைத் திருப்பிப் பார்த்தேன். வலக்கைக்காரர்கள் சுற்றுகிற திசைக்கு எதிர்த்திசை. அவளுக்கு இடதுகை, பள்ளிக்கூடம் விட்டதும் இங்கே வந்து உட்கார்ந்து எனக்கு மோட்டார் காயிலுக்குச் செம்புக்கம்பி சுற்றிக் கொடுப்பாள், இழை மேல் இழை ஏறாமல் சுற்றுவாள், நான்கூட அப்படிச் சுற்றியதில்லை... கிளம்புவதற்கு முதல் நாள். அவன் போகச் சொன்ன பிறகு. சுற்றி வைத்துவிட்டு, மூடி, துடைத்து, மறுநாள் பையை எடுத்துக்கொண்டு வந்து, இங்கே அம்மா போட்ட சோற்றைத் தின்று, இத்தனை மாதமாக... யாருக்கு நாங்கள் பாவம் பார்த்துக்கொண்டிருந்தோம்?

"என்ன மச்சான், பெரிய வேலையா? நேரமாகுது."

"இல்ல. முடிஞ்சிடும்."

கருகியதை எல்லாம் வெட்டி எடுத்தேன். புது ஒயர் இழுத்து, ரப்பர் குழாய் மாட்டி, கழுத்தில் உரசாதபடி வளைத்துக் கட்டினேன். கம்பியை அவிழ்த்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். மாற்றுப் பியூஸை எடுத்து வைத்து, டேங்கைத் திரும்ப மாட்டினேன். இந்த வண்டி இனி எரியாது, எரிந்திருந்தால் வந்து திறந்து பார்த்திருப்பார்கள், அந்தச் சுற்றைப் பார்த்திருப்பார்கள், கேட்டிருப்பார்கள்... அவளுக்காகத்தான். வேலை செய்துகொண்டே அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டேன். சாவியைத் திருப்பினான், பச்சை விளக்கு எரிந்தது, ஹாரனை வேண்டுமென்றே நீளமாக அடித்தான், மாடியைப் பார்த்து அடித்தான். "கை ராசிக்காரன்யா நீ" என்று முதுகில் தட்டிவிட்டுப் போனான்.

அவள் இறங்கி வந்தாள். கையைத் துண்டில் துடைத்தபடி, வண்டி நின்றிருந்த இடத்தில் கிடந்த ஒயர்த் துண்டுகளைப் பார்த்தாள்.

"எது போயிருந்துச்சு?"

"கழுத்துல மெயின் ஒயரு."

"மாத்திட்டியா?"

"ம்."

குனிந்து கருகிய துண்டு ஒன்றை எடுத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள், நான் பார்ப்பது மாதிரியே. "பியூஸு?"

"புதுசு வச்சாச்சு."

தலையாட்டினாள். பயமில்லை, கோபமுமில்லை. அந்தத் துண்டைக் குப்பைத் தகரத்தில் போட்டாள். "நீ எப்பவும் அவருக்கு நல்ல மச்சான்தாண்ணா" என்று சொல்லிவிட்டுப் படியேறினாள்.

உனக்காகத்தான்டி என்று கூப்பிட்டுச் சொல்ல வாய் வரைக்கும் வந்தது. வந்து, நின்றது. மூடியைத் திறந்து அந்தச் சுற்றைப் பார்த்த நொடியில் எனக்கு முதலில் வந்தது பயம் இல்லை... முந்திக்கொண்டாளே என்று இருந்தது. பயம் அதற்கப்புறம், அவிழ்க்கும்போதுதான் வந்தது, அல்லது அவிழ்த்த பிறகு. அந்தப் புதுப் பியூஸை நான் யாருக்காக வைத்தேன்?