சஹனில் ஒரு கோடு

ஜமாலின் வயிற்றைச் சுருக்க டாக்டரால் முடிந்தது. கண்ணைச் சுருக்கத்தான் யாராலும் முடியவில்லை.

மும்பை தாராவியில் தோல் பை தைக்கும் கார்கானா, அதாவது பட்டறை, நடத்துகிறவர். நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிற உடம்பு என்று ஆபரேஷன் செய்துகொண்டார். அதற்குப் பிறகும் தன் கையால் சோறு போட்டுக்கொண்டால் பழைய ஜமாலுக்குத்தான் போடுவார். அவர் மனைவி சபுரா பார்த்துப் பார்த்து அலுத்துப்போய், பிள்ளைகளுக்குப் பால்சோறு ஊட்டிய எவர்சில்வர் கிண்ணத்தைத் தேடி எடுத்தாள். அது கொண்டதுதான் ஒரு வேளைச் சாப்பாடு. அதற்கு மேல் ஒரு வாய் போனாலும் நெஞ்சு அடைத்து எல்லாம் வெளியே வந்துவிடும்.

இப்போது மும்பையின் இன்னொரு கோடியில், சீத்தா கேம்ப்பில், அவருடைய அண்ணன் அப்துல் வாஹித் காக்கா வீட்டுக் கல்யாணம். அண்ணனும் தம்பியும் ஒன்றாக நடத்திய கார்கானாவின் நடுவில் அப்துல் வாஹித் பிளைவுட் தடுப்பு அடித்த நாளோடு பேச்சு நின்றது. பிறகு மெஷினையும் சரக்கையும் அள்ளிக்கொண்டு அவர் சீத்தா கேம்ப்புக்கே போய்விட்டார். அப்படிப்பட்ட மனுஷன் தானே போன் போட்டு, "மக கல்யாணம்லே. என்கூட ஒரு சஹன்ல ஒக்காரணும் நீ" என்றார். ஜமால் அன்று வேலையே பார்க்கவில்லை.

ஆட்டோவில் சபுரா கைப்பையைத் திறந்து கிண்ணத்தைக் காட்டினாள். "இதுல எடுத்து வச்சிச் சாப்புடுங்க. வெக்கப்படாதீங்க."

"சஹன் முன்னால கிண்ணத்த வச்சிட்டு ஒக்காரவா? தம்பிக்கு எங்கூட ஒரே தட்டுல சாப்புட மனசில்லேன்னு காக்கா நெனப்பாவ."

"ஆபரேஷன சொல்லிருங்க."

"நல்ல நாளும் அதுவுமா எதுக்கு? நான் பாத்துக்கிடுதேன்."

என்னத்தைப் பார்ப்பார்? சஹன் என்பது இரண்டு பேருக்கு ஒரே பெரிய தட்டு. நடுவில் சோறு, அதன் தலையில் களறி விருந்துக்கென்று ஆக்கிய ஆட்டுக்கறி. யார் எவ்வளவு தின்றார் என்று கணக்கெழுதும் வானவர்களான மலக்குகளுக்குத்தான் தெரியும். அதில் ஒரு மரியாதையும் உண்டு. ஒருவர் கையை எடுத்துவிட்டால் எதிரே இருப்பவரும் அரை வயிற்றோடு எடுத்துவிட வேண்டும். ஆக, ஜமால் கிண்ணத்தளவில் நிறுத்தினால் மகள் கல்யாணத்தன்று அண்ணன் பட்டினி. பார்க்கிற ஊர்க்காரர்கள் கோபம் தீரவில்லை என்பார்கள்.

அப்துல் வாஹித் தம்பியை மேலும் கீழும் பார்த்தார். "என்னலே இப்பிடி வத்திப்போயிட்ட? ஒழுங்கா சாப்புடுதியா இல்லியா?"

சம்மணம் போட்டு உட்கார்ந்ததும் நல்ல கறியாகப் பார்த்துப் பிய்த்துத் தம்பி பக்கம் தள்ளினார். ஜமால் ஒவ்வொரு வாயையும் கூழாகும்வரை மென்றார். நாலைந்து வாய் உள்ளே போயும் அவர் பக்கத்துச் சோறு அப்படியே இருந்தது. அட, இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே என்றது கண். அண்ணன் ஒரு எலும்புக் கறியைத் தள்ளி, "ஒனக்குப் புடிச்சதுல்லா" என்றார். அந்தச் சொல்லுக்காகவே அதையும் வாயில் வைத்தார் ஜமால்.

நெஞ்சில் அடைத்தது. வாயில் எச்சில் ஊறியது. எழுந்து, கை கழுவும் இடத்துக்கு ஓடினார்.

குனிந்து நின்றவரின் முதுகில் ஒரு கை விழுந்தது. அப்துல் வாஹித்தின் இடது கை. வலது கையில் சோறு ஒட்டியிருந்தது. அவமானத்தில் ஜமாலுக்கு அழுகையே வந்துவிட்டது. ஆபரேஷன், கிண்ணம், எல்லாவற்றையும் சொன்னார்.

"நீங்க பசியோட எந்திரிக்கக் கூடாதேன்னுதான் காக்கா."

அப்துல் வாஹித், "வயித்த வெட்டிப் போட்டுட்டு எனக்கு ஒரு போன் போடல நீ" என்றார். "கார்கானா நடுவுல அந்தப் பலகைய அடிச்சவன் நான்தான். அதுக்காவ செத்து மவுத்தானாலும் சொல்லமாட்டியாலே?"

ஜமால் வாயும் கையும் கழுவியதும் தன் தோள் துண்டால் துடைத்துவிட்டுச் சஹனுக்கே கூட்டிவந்து உட்காரவைத்தார். தம்பி பக்கத்து ஓரத்தில் ஒரு பிடி சோற்றை ஒதுக்கி, அதைச் சுற்றி விரலால் ஒரு கோடு இழுத்தார். சஹனில் யாரும் கோடு போடுவதில்லை. பக்கத்துச் சஹன்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"இந்தா, ஒன் கிண்ணம். ஒண்ணும் திங்காண்டாம். சும்மா கைய மட்டும் வச்சிரு. கோட்டத் தாண்டினா அடிதான்."

ஜமால் கையை அந்தச் சோற்றில் வைத்தார்.

"நான் முடிக்கிற வரைக்கும் எடுக்கப்பிடாது, என்ன? எனக்கு நல்ல பசி."

அப்துல் வாஹித் குனிந்து சாப்பிடத் தொடங்கினார். ஜமால் கையை எடுக்கவில்லை.