முதுகுப் பக்கம் வலைத்துணி

தங்கை சீருடைகளை வடிவமைக்கிறவள். அண்ணன் ஒரு பெரிய அலுவலகத்தின் வாசலில் செக்யூரிட்டி. வருஷத்துக்கு வருஷம் வெயில் ஏறிக்கொண்டே போகிறது. அவர் போட்டிருந்த கறுநீல பாலியஸ்டர் சட்டை மட்டும் மாறவே இல்லை. போன வாரம் கேட் பக்கத்திலேயே மயங்கி விழுந்துவிட்டார். இன்னொரு தடவை விழுந்தால் வேலைக்கு வரவேண்டாம் என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

தங்கை சும்மா இருப்பாளா? சாம்பல் நிறத்தில், மெல்லிய பருத்தியில், தொளதொளவென்று ஒரு சட்டை தைத்துக் கொடுத்தாள். போட்டுக்கொண்டு போனவர் சாயங்காலம் வந்து அதைக் கழற்றி அவள் மடியில் போட்டார்.

"ஒருத்தன் கார் சாவிய கையில கொடுத்து, கழுவி வைன்னுட்டுப் போறான். கைய நீட்டினா ஒரு வண்டி நிக்கல."

"காத்தோட்டமா இருந்துச்சா, அதச் சொல்லுண்ணா."

"இருந்துச்சு. ஆஸ்பத்திரியிலேருந்து ஓடி வந்தவன் மாதிரியும் இருந்துச்சு. விழுந்தாலும் நான் செக்யூரிட்டியாவே விழுந்துக்கறேன்."

"விழுங்க, விழுங்க. தூக்கிட்டு வர்றவ நான்தானே," என்றாள் அண்ணி.

தங்கைக்குச் சுருக்கென்றது. தைக்கும்போது துணியைப் பார்த்தாள், வெயிலைப் பார்த்தாள். போட்டுக்கொண்டு நிற்கப் போகிறவரைப் பார்த்தாளா? மறுநாள் லீவு போட்டுவிட்டு, அலுவலகத்துக்கு எதிர்ப்பக்கம் போய் நின்றாள். அண்ணன் பழைய சட்டையில் இருந்தார். வந்த வண்டிகளெல்லாம் அவர் தொப்பியையும் விறைத்த தோளையும் பார்த்து நின்றன. ஈரத்தில் ஒட்டிக் கிடந்த முதுகை ஒருவரும் பார்க்கவில்லை.

அடுத்த சட்டைக்கு முன்பக்கம் அதே கறுநீலம், ஆனால் லேசான துணி. தோள் பழையபடி விறைப்பு. முதுகு முழுக்க வலைத்துணி, உடம்பில் ஒட்டாதபடி.

அண்ணி ஒரு சுற்று சுற்றி வந்தாள். "முன்னால இன்ஸ்பெக்டர், பின்னால கொசுவலை!"

"திரும்பினா என் மானம் போயிடும்," என்றார் அண்ணன். ஆனாலும் போட்டுக்கொண்டு போனார்.

காலை முழுக்க அவர் யாருக்கும் முதுகு காட்டவில்லை. தண்ணீர் குடிக்கக்கூடப் பின்பக்கமாகவே நடந்து போனார். சிரிக்காதீர்கள் கண்ணுகளா, உயிரையும் மானத்தையும் ஒரே சட்டைக்குள் வைத்துக்கொண்டு நிற்பது லேசான காரியமா?

தங்கை அன்றைக்கும் எதிர்ப்பக்கம்தான் நின்றாள். உச்சி வெயில். அண்ணன் கால் தள்ளாடவில்லை. வாசலுக்கு முன்னால் பிள்ளைகள் சாலையைக் கடந்துகொண்டிருந்தார்கள். அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்குப் பின்னால், உள்ளேயிருந்து ஒரு கார் வேகமாக வந்தது. திரும்ப நேரமில்லை. வலைமுதுகு முழுசாகத் தெரிய, ஒரு கையை மட்டும் பின்பக்கம் விரித்துக் காட்டினார்.

தங்கை சாலைக்குள் ஒரு எட்டு வைத்துவிட்டாள்.

கார் நின்றது. அவர் கையை இறக்கும்வரை நகரவில்லை.