குழி இல்லாத கக்கூஸ்

ஐப்பசி மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. திற்பரப்புக்கு மேலே, ரப்பர் தோட்டத்தை ஒட்டிய மேட்டில் ஏழை வீடுகளுக்கு மானியத்தில் கக்கூஸ் கட்டியிருந்தார்கள். அதைப் படமெடுத்து ஏற்றும் வேலை பெமிலாவுக்கு. தக்கலையில் பஸ் ஏறியவள், ஒன்றிய அலுவலகத்தில் ஒப்பந்த ஊழியர். வேலை நிரந்தரமாகும் என்று இரண்டு வருடமாக நம்பிக்கொண்டிருந்தாள்.

வேலை எளிதாகத்தான் இருந்தது. நீலக் கதவுக்கு முன்னால் வீட்டுக்காரரை நிறுத்தி, செல்போனில் ஒரு படம் எடுத்து, 'பயன்பாட்டில் உள்ளது' என்பதைத் தொட வேண்டும். கட்டிக் கொடுத்த ஒப்பந்ததாரர் இஸ்ரவேல் குடை பிடித்தபடி கூடவே வந்தார்.

"கதவு தெரிஞ்சா போதும் மேடம். உள்ள எல்லாருக்கும் ஒரே சாதனம்தான்."

காலையிலிருந்து அவள் ஒரு கதவையும் திறக்கவில்லை.

மதியம் ஆனபோது அடிவயிறு கனத்து வலித்தது. வீட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து அடக்கி வைத்திருந்தாள். இத்தனை கக்கூஸைப் படமெடுத்தும் ஒன்றுக்குப் போக இடம் கேட்க வெட்கமாக இருந்தது. இஸ்ரவேல் போன் பேச ஒதுங்கிய நேரம், அடுத்த வீட்டுக்காரி ஓமனாவிடம் மெல்லக் கேட்டாள்.

தோட்டத்தில் பால் எடுக்கப் போகிறவள் ஓமனா. கையெல்லாம் ரப்பர் கறை. அவள் முகம் விழுந்துவிட்டது.

"மேடத்துக்கு அது சரிப்படாது."

"பரவாயில்ல. கொஞ்ச நேரம்தான்."

அவள் தடுப்பதற்குள் பெமிலா நீலக் கதவின் கொண்டியை விலக்கிவிட்டாள்.

வாடை முகத்தில் அறைந்தது. பீங்கான் விளிம்புவரை நிறைந்து, மேலே பினாயில் ஊற்றியிருந்தார்கள். வெள்ளையும் மஞ்சளுமாகத் திரிந்து கிடந்த அதன்மேல் ஒரு நனைந்த சாக்கு. சாக்கின் ஓரத்தில் புழுக்கள் நெளிந்தன. சுவரெல்லாம் கொழுத்த ஈ. ஒன்று வந்து அவள் உதட்டில் உட்கார்ந்தது. பெமிலா கதவைச் சாத்திவிட்டுக் குனிந்து குமட்டினாள். காலையில் தின்ற புட்டு தொண்டைவரை வந்து திரும்பியது.

"நாலஞ்சு நாளு போனோம்," என்றாள் ஓமனா. "கீழ இறங்கல்ல. ஊத்துன தண்ணியும் மேல ஏறி வந்துட்டு. நேத்து இஸ்ரவேலுக்க ஆளு வந்து பினாயில ஊத்தி, கதவத் திறக்கப்பிடாதுன்னு சொல்லீட்டுப் போனான்."

பெமிலா பின்பக்கம் போய்ப் பார்த்தாள். ஒரு முழக் குழாய் சுவரிலிருந்து நீட்டி, மண்ணுக்குள் புதைந்திருந்தது. குச்சியால் மண்ணைக் கிளறினாள். பாறை. குழியும் இல்லை, குழிக்குள் இறக்கும் சிமென்ட் உறையும் இல்லை.

"அப்ப எங்க போவிய?"

"வாருங்க."

வீட்டுக்குப் பின்னே ரப்பர் மரங்களுக்கிடையில் ஒற்றையடித் தடம் போயிற்று. மழையில் ஊறிய சருகு மிதிபட்டு நசநசத்தது. எங்கே கால் வைப்பதென்று தெரியவில்லை. பழையதும் புதியதுமாய் மனித மலம் மழையில் கரைந்து சரிவில் வழிந்துகொண்டிருந்தது. ஓமனா முந்தானையை விரித்து மறைத்து, முதுகைக் காட்டி நின்றாள். பெமிலா பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். எழுந்தபோது கணுக்காலில் ஓர் அட்டை ஒட்டியிருந்தது. கத்தவில்லை. பிய்த்து எறிந்தாள்.

"உங்களுக்குப் பகல்ல ஒரு நேரம்," என்றாள் ஓமனா, திரும்பாமல். "நாங்க விடியதுக்கு முன்னாடி வரணும். எனக்க மக ரேஷ்மி பன்னெண்டு படிக்கா. விடியக்காலம் பால் வெட்ட வாறவனுவ தலையில லைட்டு கட்டியிருப்பானுவ. சிலவன் வேணும்னே இந்தப் பக்கம் திருப்புவான். பிள்ள இப்ப ராத்திரி சோறு தின்ன மாட்டேங்கா மக்கா."

மேடம் என்பது மக்கா ஆனதை இருவரும் கவனிக்கவில்லை.

திரும்பி வந்தபோது இஸ்ரவேல் செவ்விளநீர் வெட்டி வைத்திருந்தார். "குடிங்க மேடம். முகம் வாடிப் போச்சே."

இளநீரைப் பிடித்திருந்த அந்தச் சுத்தமான விரல்களையும் மோதிரத்தையும் பார்க்க அவளுக்கு மறுபடி குமட்டியது.

"குழி எங்க?"

"பாறையாக்கும் மேடம். உடைக்கணும்னா மெஷின் வேணும். இவிய பழகின ஆளுவதான், காட்டுக்குப் போயிக்கிடுவாவ. நீங்க முன்பக்கம் எடுங்க."

அவள் பின்பக்கத்தைத்தான் எடுத்தாள். பிறகு காலையில் முடித்த வீடுகளுக்கெல்லாம் திரும்ப நடந்து ஒவ்வொரு கதவாகத் திறந்தாள். ஒன்றில் ஆடு. ஒன்றில் விறகு. ஒன்றில் பீங்கான் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் சிமென்ட் தரை. காலையில் இவற்றையெல்லாம் 'பயன்பாட்டில் உள்ளது' என்று தொட்ட விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

அலுவலகத்தில் மேலதிகாரி படங்களைப் பார்த்து முகம் சுளித்தார். "இத எதுக்கும்மா எடுத்தீங்க? சாப்பிடுற நேரத்துல."

"அந்தச் சுவத்துக்குப் பின்னாலதான் சார் அவங்க சோறு பொங்குறாங்க."

கக்கூஸ்கள் பயன்பாட்டில் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். இஸ்ரவேலின் பில் நின்றது. இஸ்ரவேல் மெஷின் கொண்டுவந்து, பாதையோரம் இருந்த ஓமனா வீட்டுக்கும் அடுத்த சில வீடுகளுக்கும் பாறை உடைத்து உறை இறக்கினார். அதற்கு மேலே மெஷின் ஏறாது என்றார். மேலே உள்ள வீடுகளை வேறு ஒரு ஊழியர் போய்ப் பார்த்து, முன்பக்கம் படமெடுத்து முடித்துவிட்டார். பெமிலாவை வேறு ஊராட்சிக்கு மாற்றினார்கள்.

கார்த்திகையில் ஓமனா போன் செய்தாள்.

"தண்ணி இறங்குது மக்கா. ரேஷ்மி ராத்திரி சோறு தின்னுதா. மேல உள்ள பிள்ளைகளும் இஞ்சதான் வருது. குழி சீக்கிரம் நெறஞ்சிரும்னு எனக்க வீட்டுக்காரரு ஏசுதாரு. வராதேன்னு நான் எப்பிடிச் சொல்ல?"

பெமிலா புதிய ஊரில் அப்போதுதான் முதல் வீட்டு வாசலில் நின்றிருந்தாள். இங்கும் நீலக் கதவுதான். புதுப் பூட்டு. படம் எடுக்குமுன் கதவைத் திறக்கச் சொன்னாள். கூட வந்த ஒப்பந்ததாரர் சாவி தன் வீட்டில் இருப்பதாகச் சொன்னார்.

"எடுத்துட்டு வாங்க," என்று அந்தப் படியிலேயே உட்கார்ந்தாள். கதவிடுக்கிலிருந்து அதே வாடை வந்துகொண்டிருந்தது.